லெமுயெல் டார்வர் சொன்ன பெயர்கள்

மாண்ட்கமரியை விட்டு வெளியே வந்ததிலிருந்து எர்னஸ்டின் டார்வர் வாயைத் திறக்கவில்லை. கிளீவ்லாண்டில் காலமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவள். பயணிகள் எத்தனை கூச்சல் போட்டாலும் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டியை எடுப்பாள் என்று பெயர். இன்று பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

காரில் பக்கத்து இருக்கையில் அவள் தங்கை ஒசெல்லா, வழியில் வாங்கிய அவித்த வேர்க்கடலையைப் பிதுக்கிப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே வந்தே? இப்ப என்ன மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கே?"

"வெயில் கண்ணைக் கூசுது."

"மேகம் மூடிக் கெடக்கு, வெயிலாம்ல!"

இந்தப் பயணமே ஒசெல்லாவின் ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். தம் கறுப்பின ஜனங்கள் உரிமை கேட்டு அடிபட்ட தெற்கத்தி ஊர்களை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷமாக அக்காவை நச்சரித்துக் கிளப்பியிருந்தாள். பர்மிங்ஹாமில் குண்டு வெடித்த தேவாலயத்தில் இருவரும் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். மாண்ட்கமரியில், வெள்ளைக்காரக் கும்பல்களால் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்துத் தொங்கவிட்ட இரும்புத் தூண்களுக்குக் கீழே நின்று அழுதார்கள். அதையெல்லாம் எர்னஸ்டினால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது இன்றைக்குப் போகிற இடம்.

லவுண்ட்ஸ் மாவட்டம். அவள் பிறந்த மண்.

"நேரா செல்மாவுக்கே போயிடலாமே. ஊர்வலம் போனவங்கள அடிச்ச பாலத்தைப் பார்த்துட்டு நிதானமா சாப்பிடலாம்," என்றாள் எர்னஸ்டின்.

"நம்ம அப்பா அம்மா இருந்த ஊரைத் தாண்டிப் போறதா? நல்லா இருக்கே! நீயாவது இங்க ஓடியாடி வெளையாடினவ. நான் வயித்துக்குள்ளயே வடக்க வந்தவ. எனக்குப் பார்க்கணும்."

மறுத்துச் சொல்ல எர்னஸ்டினிடம் காரணம் இருந்தது, சொல்லத்தான் முடியாது.

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. அப்பா லெமுயெல், ஒரு வெள்ளைக்காரப் பண்ணையில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு வந்தார். கறுப்பர்கள் ஓட்டுப்போடப் பெயர் பதிய ஆரம்பித்திருந்த காலம். பதிந்தவர்களைப் பண்ணைக்காரர்கள் வீட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்கள். துரத்தப்பட்டவர்கள் நெடுஞ்சாலையோரம் கூடாரம் போட்டுக் குடியேறினார்கள். ஒரு நாள் பண்ணையின் மேற்பார்வைக்காரன் டிரக்கில் வந்து முற்றத்தில் இறங்கினான். வீட்டுக்கடியில், தூக்கிக் கட்டிய தரைப்பலகைக்குக் கீழே, கோழிமுட்டை தேடிக்கொண்டிருந்தாள் எர்னஸ்டின். அவன் ஏதோ கேட்டான். அப்பா ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கிரென்ஷா. போல்டன். கில்கிறிஸ்ட். அதற்கு மேல் கேட்கப் பயந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வாரமே அந்த மூன்று வீட்டுச் சாமான்களும் தெருவில் கிடந்தன. டார்வர் வீட்டை மட்டும் தொட்டவர் இல்லை. சில நாளில், விடிவதற்கு முன்பே, அம்மாவின் பெரிய வயிற்றோடு எல்லாரும் கிளீவ்லாண்டுக்குப் பேருந்து ஏறினார்கள். சாகும் வரை அப்பா ஊர்ப்பேச்சை எடுக்கவே இல்லை. யாராவது எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அவர் காட்டிக்கொடுத்தார் என்று எர்னஸ்டின் யாரிடமும் சொன்னதில்லை. ஒசெல்லாவிடம் சொல்வதற்கு நாக்கு எழவே இல்லை. அப்பாவை அவள் கடவுளுக்கு அடுத்த படியில் வைத்திருந்தாள்.

கூடாரங்கள் நின்ற இடத்தில் இப்போது ஒரு நினைவு மண்டபம். உள்ளே நுழைந்ததும், மேசைக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தாள். எழுபதைத் தாண்டியிருப்பாள். மெலிந்த உடம்பு, ஊதா நிறத் தொப்பி, கணீரென்ற குரல்.

"வாங்க வாங்க, எங்கிருந்து வர்றீங்க கண்ணு?"

"கிளீவ்லாண்டு. ஆனா எங்க ஜனங்க இந்த ஊர்தான்," என்றாள் ஒசெல்லா பெருமையாக. "அப்பா பேரு லெமுயெல் டார்வர்."

எர்னஸ்டின் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தாள்.

அந்த அம்மாள் தொப்பியைக் கழற்றினாள். ஏன் கழற்றினோம் என்று அவளுக்கே தெரியாதது போல அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஐடபெல் கிரென்ஷா," என்றாள்.

கிரென்ஷா. முதல் பெயர். எர்னஸ்டின் தங்கையின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "போகலாம், வா."

ஐடபெல் அவள் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. "அந்தக் குழந்தை," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "உங்கம்மா வயித்துல இருந்த குழந்தை. பிழைச்சுதா?"

ஒசெல்லா அக்காவைப் பார்த்தாள், பிறகு அந்த அம்மாளைப் பார்த்தாள். "அது நான்தாங்க."

"ஐயோ ஆண்டவரே!"

ஐடபெல் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், தள்ளி நிறுத்திப் பார்த்தாள். "என்ன நல்லா வளர்ந்திருக்கே! நாங்கதான் உங்கம்மாவை அந்த நிலைமையில பஸ்ஸேத்தி அனுப்பினோம். அவ்வளவு தூரம், அந்தக் குளிரு. போற வழியில ஏதாவது ஆயிருந்தா எங்க தலையிலதானே பாவம்? சேதியே வரல. கூடாரத்தைக் கலைச்சுட்டு நாங்களும் திசைக்கொருத்தரா போயிட்டோம். என் மாமியார் சாகுறப்பக்கூட, அந்த டார்வர் குழந்தை என்ன ஆச்சோன்னு கேட்டுட்டுத்தான் செத்தா."

"நீங்களா அனுப்பினீங்க?" என்றாள் எர்னஸ்டின். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"பின்னே? ராத்திரியானா கூடாரத்தைப் பார்த்துச் சுடுவானுங்க. நெறமாசக்காரிய அங்க எப்படி வச்சுக்கிறது? உங்கப்பன் போகமாட்டேன்னு ஒரே பிடிவாதம். 'உங்களைச் சேத்துல விட்டுட்டு நான் மட்டும் கூரைக்குக் கீழ படுக்கவா'ன்னு அழுதான். என் மாமியார்தான் கரண்டியத் தூக்கிட்டுப் போயி, 'ஏலே லெமுயெல், உன் வீறாப்புக்கு ஒரு குழந்தையப் பலி குடுக்கிறியா?'ன்னு விரட்டினா. போறப்ப எங்க மூஞ்சியப் பார்க்கவே வெக்கப்பட்டான்."

எர்னஸ்டின் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். இனி கேட்காமல் இருக்க முடியாது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். உங்க பேரையெல்லாம் மேற்பார்வைக்காரன்கிட்ட எங்கப்பா சொன்னார். நான் கேட்டேன். வீட்டுக்கடியில இருந்தேன்."

"அக்கா!" என்றாள் ஒசெல்லா.

ஐடபெல் முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும், அழுதுகொண்டிருந்தவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

"சொன்னான்! சொல்லாம? நானும்தான் கேட்டேன். உங்கம்மாகிட்ட வாங்கின துணி வேக வைக்கிற அண்டாவத் திருப்பிக் குடுக்க வந்தவ, கொடியில காயுற போர்வைக்குப் பின்னால வெலவெலத்துப் போயி நின்னேன். அதுல காட்டிக்குடுக்க என்னடி இருக்கு? ஓட்டுக்குப் பேரு பதிய பட்டப்பகல்ல கோர்ட்டு வாசல்ல வரிசையில நின்னோம். அந்த ஆளு எதிர்ல டிரக்குல உக்காந்து ஒவ்வொரு மூஞ்சியா பார்த்துட்டுத்தானே இருந்தான்!"

"அப்புறம் எதுக்குக் கேட்டான்?"

"கேட்டது அது இல்ல. 'ஓட்டுப் பட்டியல்ல உன் பேரை மட்டும் அழிச்சுட்டு வா, வீட்டுல இருந்துக்கோ'ன்னான். உங்கப்பன் நல்ல உழைப்பாளி, அவனை விட மனசில்ல. அதுக்கு உங்கப்பன் சொன்னான்: 'எனக்கு முன்னாடி கிரென்ஷா நின்னான், போல்டன் நின்னான், கில்கிறிஸ்ட் நின்னான். அவங்களுக்குப் பின்னால நின்னவன் நான். அவங்களைத் தெருவுல போட்டா என்னையும் சேர்த்துப் போடுங்க. பேரை அழிக்கிற பேச்சே கிடையாது.' அந்த ஆளு மூஞ்சி செவந்து போச்சு. உங்கம்மா வயித்துப் பிள்ளைக்காரிங்கிறதால சனிக்கிழமை வரைக்கும் தவணை குடுத்தான். வெள்ளிக்கிழமை விடியுமுன்ன உங்கள பஸ்ஸேத்திட்டோம்."

எர்னஸ்டினுக்கு, ஐம்பத்தெட்டு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்து அழுத்தியிருந்த பாறையை யாரோ இரண்டு கையாலும் எடுத்துக் கீழே வைத்ததைப் போல இருந்தது. மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெட்கமில்லாமல், குழந்தையைப் போல அழுதாள்.

ஒசெல்லா பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதையா இத்தனை வருஷம் மனசுல வச்சிருந்தே? என்கிட்டக்கூடச் சொல்லாம?"

"உனக்கு அப்பா வேணும்னு நெனச்சேன்."

"பைத்தியக்காரி," என்று சொல்லி ஒசெல்லா அக்காவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "உனக்கும்தானே வேணும்."

மதியம் ஐடபெல் அவர்களைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி மீன், பன்றிக்கறி போட்டு வேகவைத்த கீரை, சட்டியில் சுட்ட சோள ரொட்டி. போல்டன் வீட்டு மகனும் கில்கிறிஸ்ட் வீட்டுப் பேத்திகளும் சேதி கேட்டு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒசெல்லாவைத் தொட்டுப் பார்த்தார்கள். "இதான் அந்தக் குழந்தையா? நரைச்சுப் போச்சே!" என்று போல்டன் மகன் சொல்ல, வீடே சிரித்தது.

எர்னஸ்டின் இரண்டாம் தட்டு மீனை வாங்கிக்கொண்டு ஐடபெல் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அம்மா, அந்த முற்றத்துப் பேச்சை இன்னொரு தடவ சொல்லுங்க. இவங்களும் கேக்கட்டும்."

"இப்பத்தானே கண்ணு சொன்னேன்?"

"அப்ப நான் பயந்துக்கிட்டே கேட்டேன்," என்றாள் எர்னஸ்டின். "இப்ப நிதானமா கேக்கணும்."

ஐடபெல் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.