விசாலம் நகருக்குப் போகும் தண்ணீர்

விசாலம் நகரில் வீடுகள் தினமும் காலையில் ஒன்றைவிட்டு ஒன்று நாற்பது அடி விலகிப் போகும். குடிநீர் வாரியப் பொறியாளர் பொற்கொடி அதை அளக்கப் போயிருந்தாள். வீடுகளை நெருக்கிக் கட்டினால் செலவு அதிகமா, தள்ளித் தள்ளிக் கட்டினால் அதிகமா என்று அறிக்கை எழுத வேண்டும். நெருக்கத்துக்கு உதாரணமாக, தான் குடியிருக்கும் தெருவையே எடுத்துக்கொண்டாள். அங்கே நாற்பது வீட்டுக்கு ஒரே குழாய், நானூறு அடி.

விசாலம் நகரின் முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்குப் போக பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டு அற்புதராஜ் குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீரைத் திறந்துவிட்டுப் பதினொரு மாதம் ஆகிறதாம். வழியில் வந்துகொண்டிருக்கிறதாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பிரசவ வலி எடுத்த பெண் எங்கே என்று டிரைவர் கேட்டார். அற்புதராஜின் மனைவி ஆக்னஸ் வெளியே வந்து, அப்போது பிறந்த மகள் இப்போது இரண்டாம் வகுப்பு என்றாள். போன மாதம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள், இன்னும் போய்ச் சேரவில்லை. டிரைவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"வேற இடம் பாக்கலாமே சார்" என்றாள் பொற்கொடி.

"இங்க நல்ல காத்தோட்டம்மா" என்றார் அற்புதராஜ். அவர் உதடு வெடித்திருந்தது.

எவ்வளவு குழாய் பதித்தாலும் மறுநாள் காலை நாற்பது அடி குறையும் என்று அவள் அறிக்கையில் எழுதினாள். செயற்பொறியாளர் தீர்த்தகிரி படித்துப் பார்த்தார். அவருக்கு விசாலம் நகரில் ஏழு மனை. ஏழாவது எங்கே போனதென்று ஆள் விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"அங்க இனிமே குழாயே பதிக்கப் போறதில்லையேம்மா. பதிக்காத குழாய்க்கு ஏது செலவு? உங்க தெருவுலதான் நானூறு அடியக் கொண்டுபோய் மண்ணுல பொதச்சிருக்கோம்."

அங்கே ஜனங்கள் தாகத்தில் இருப்பதாக அவள் சொன்னாள். தாகம் வேறு துறை என்றார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். வேலைக்குச் சேர்ந்த அன்று போட்ட கையெழுத்தே போதும் என்று சொல்லி, நெருக்கம் வீண்செலவு என்று எழுதி முத்திரை குத்தினார். அவர் முகத்தில் நல்ல காரியம் செய்த களை இருந்தது.

சாயங்காலம் அவள் வீடு சேர்ந்தபோது, வாரிய ஆட்கள் தெருவில் கடப்பாரையால் வீடுகளை நெம்பி விலக்கிக்கொண்டிருந்தார்கள். பொற்கொடி சமையலறை ஜன்னலுக்கு ஓடினாள். எதிர் ஜன்னலில் பக்கத்து வீட்டு ஜைத்தூன் வழக்கம்போல ரசக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். பொற்கொடி கையைத் தோள்வரை வெளியே விட்டு எட்டினாள். விரல் கிண்ணத்தின் விளிம்பில் பட்டது. பிறகு படவில்லை.

ஜைத்தூன் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே இருந்தாள். பிறகு மடக்கிக்கொண்டாள்.

"அக்கா, உங்க பின்கோடு என்ன?" என்று அங்கிருந்து கேட்டாள்.