ஜன்னல் கதவுக்கு எதிர்வீட்டார் சம்மதம்

அந்த ஊரில் ஜன்னல் வீட்டுக்காரருக்குச் சொந்தம். ஜன்னல் கதவு எதிர்வீட்டுக்காரருக்குச் சொந்தம். பார்க்கிறவர்கள் அவர்கள்தானே என்று நகராட்சி எப்போதோ தீர்மானம் போட்டுவிட்டது. அதனால் சௌந்தரவல்லியின் மாடி ஜன்னல் கதவு கறையான் அரித்து ஒரு திங்கட்கிழமை தெருவில் விழுந்தபோது, அவள் தலைவாரிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள்.

எதிர்வீட்டில் தெய்வசிகாமணியும் அவர் மனைவி கமலவேணியும் இருந்தார்கள். நல்ல மனிதர்கள். வல்லியின் கணவன் ஒரு சூட்கேசோடு இறங்கிப் போன நாளிலிருந்து, பதினொரு வருடமாக, ஒருநாள் தவறாமல் அவளைப் பார்த்துவருகிறார்கள். வெளியூர்க் கல்யாணம் வந்தால்கூட ஒருவர்தான் போவார், மற்றவர் பார்ப்பார்.

"தேக்கு போடலாம்னு இருக்கேன் அக்கா," என்றாள் வல்லி.

கமலவேணி காபி ஆற்றுவதை நிறுத்தினாள். "தேக்கா? தேக்கு சாத்தினா சாத்தினதுதான். அப்புறம் எங்களுக்குன்னு என்ன இருக்கு?"

வல்லியின் காரணம் சின்னது. கணவன் போனதற்கு அவள் இன்னும் அழவில்லை. இருப்பதோ ஒற்றை அறை. பழைய கதவில் விரல் நுழையும் இடுக்குகள். எதிரே இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது அழுவதற்கு அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

விதிப்படி மாதிரி பார்க்க நாள் குறித்தார்கள். தச்சர் ஞானமுத்து அலுமினியம், பிவிசி, மங்கல் கண்ணாடி, தேக்கு என்று ஒவ்வொன்றிலும் ஒரு பலகை கொண்டுவந்தார். மாடி ஜன்னல் என்பதால் உள்ளேயிருந்துதான் பிடிக்க முடியும். அவர் பிடித்துக்கொண்டு நிற்க, வல்லி பின்னால் வாழ்ந்து காட்ட வேண்டும். ஒரு பலகைக்கு அரைமணி நேரம்.

அலுமினியத்துக்குப் பின்னால் அவள் தம்பியோடு போனில் பேசினாள். "கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு," என்று எதிரேயிருந்து குரல் வந்தது. பிவிசிக்குப் பின்னால் தோசை வார்த்தாள். முறுகல் தெரியவில்லை என்றார்கள். மங்கல் கண்ணாடியில் வல்லி கொஞ்சம் பூசினாற்போலத் தெரிந்தாள். தெய்வசிகாமணிக்கு அது பிடித்திருந்தது. அதனாலேயே கமலவேணிக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் தேக்கு.

"இதுக்கு என்ன செய்யட்டும் அக்கா?"

"என்னவோ செய். எங்களுக்குத் தெரியவா போகுது?"

ஞானமுத்து பலகையைத் தூக்கிப் பொருத்தினார். அறை இருண்டது. வல்லி கட்டிலில் உட்கார்ந்து, பதினொரு வருடத்தையும் அந்த அரைமணி நேரத்துக்குள் அழுது தீர்த்தாள். அவன் போனதற்காகக் கொஞ்சம். அவன் எடுத்துப்போன சூட்கேஸ் தன்னுடையது என்பதற்காக நிறைய. பலகை இறங்கியபோது முகம் கழுவி நின்றாள்.

"எனக்கு எதுவானாலும் சரி அக்கா. கண்ணாடியே போடுங்க."

கமலவேணி அவள் கண்களை உற்றுப் பார்த்தாள். "அழுதியா?"

"ஆமாம்."

"எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டா?"

அது நியாயமான வருத்தம். பதினொரு வருடம் காத்திருந்தவர்கள். தெய்வசிகாமணி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் மனு கொடுத்தார். மூன்றாம் நாள் நகராட்சி மேற்பார்வையாளர் அம்மாள், எதிர்வீட்டாரையும் தச்சரையும் அழைத்துக்கொண்டு, கோப்போடு மாடியேறி வந்தார். எதிர்வீட்டாருக்கு உரிய அழுகை அவர்கள் பார்க்காமலே செலவாகிவிட்டது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

"இன்னொரு தடவை அழ வருமா?" என்று அம்மாள் வல்லியைக் கேட்டார்.

வல்லி மனசார முயன்றாள். கொட்டாவிதான் வந்தது.

"அப்போ அறையில வேற யார் இருந்தது?"

"நான்தாங்கம்மா," என்றார் ஞானமுத்து.

"என்ன பார்த்தீங்க?"

"பலகையைத்தான். நடுவுல நல்ல கணு ஒண்ணு இருந்துச்சு."

"சத்தம்?"

"கேட்டுச்சு. அதை அவங்ககிட்டதான் கேக்கணும்."

அம்மாள் பேனாவைத் திறந்து எழுதினார்: 'ஒளி புகாது. ஒலி புகும், வெளியேறாது. கறையான் தாக்குதல் இல்லை. ஜன்னல் கதவுக்கு அங்கீகரிக்கப்பட்ட பொருள்: ஞானமுத்து.'

கமலவேணி யோசித்தாள். "மூஞ்சி எங்க பக்கம்தானே இருக்கும்?"

"கதவுன்னா முகப்பு தெருவைப் பார்த்துத்தான்."

"அப்போ சரி. பார்க்கறதுக்கு ஒரு மூஞ்சி இருந்தாப் போதும்," என்று கையெழுத்துப் போட்டாள்.

தனக்கு முதுகைக் காட்டி நிற்கப்போகும் ஓர் ஆளைப் பற்றி வல்லிக்கு முதல்முறையாக மதிப்பு உண்டாயிற்று.

"கீலை எந்தத் தோள்ல அடிக்கிறது?" என்று கேட்டாள்.

"இடதுல அடிங்கம்மா. வலது தோள் மழைக்காலத்துல உப்பிக்கும்."

பூச்சு மட்டும் பக்கத்து வீட்டுக்காரரின் உரிமை. ஆளனுப்பிக் கேட்டார்கள். கிளிப்பச்சை, இரண்டு கை பூசவும், என்று துண்டுச்சீட்டில் பதில் வந்தது. ஞானமுத்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.