தாட்சாயிணிக்கு நாலு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். தாட்சாயிணிக்குப் பத்துக்கு நாலு போட்ட அன்றைக்கு அது மூக்கையும் தாண்டிவிட்டது.

பூந்தமல்லிப் பக்கம் எங்கள் கல்லூரி. அருள் சாரின் புள்ளியியல் வகுப்பு குழு குழுவாகத்தான் நடக்கும். முதலில் தனித்தனியாகத் தேர்வு. பிறகு அதே கேள்விகளுக்கு நான்கு பேரும் கூடிப் பேசி ஒரே விடை தர வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் நேரில், மற்ற நாள் ஆன்லைனில். என் குழுவில் ஜெர்வின், தமிழ்வாணன், தாட்சாயிணி. தலைவி ஸ்டெஃபியாகிய நான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, நானே ஆகிவிட்டேன்.

செமஸ்டர் கடைசியில் ஒருவருக்கொருவர் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். ஒரே ஒருவர் ஐந்துக்குக் கீழே போட்டாலும் போச்சு. அதை வாங்கிய ஆள் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். போட்டதை அன்று மாலை ஐந்து மணிவரை மாற்றலாம். அதற்குள் காரணத்தை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்பது சாரின் சட்டம்.

சொன்னேன். "நாலு போட்டுக்கீறேன். ஆன்லைன்ல நீ ஒருநாள்கூட வாயத் தொறக்கல. நாங்க மூணு பேரும் கத்திக்கினு கெடந்தோம். நீ இன்னா, தூங்கிட்டியா?"

தாட்சாயிணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எங்க ஊடு அப்பாவோட டிங்கரிங் ஷெட்டுக்குப் பின்னாடி கீது. நாள் பூரா தகரத்த அடிச்சிக்கினே இருப்பாங்க. மைக்கப் போட்டா உங்க காது கிழிஞ்சிரும். அதான் சாட்ல எழுதினேன்."

"எந்த சாட்ல?"

என் போனை வாங்கி, ஓரத்தில் எதையோ தொட்டுக் காட்டினாள்.

ஆன்லைன் நாட்களில் நாங்கள் மூவரும் மாங்காட்டில் ஜெர்வின் வீட்டில் என் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். கேள்வித்தாளைத் திரையில் காட்டுவதும் அதே போன்தான். அப்போது சாட் திரையில் வராது. நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

'மூணாவதுக்கு B இல்ல, C.' 'ஸ்டெஃபி, சராசரி எடுக்காதே, இடைநிலை எடு.' 'யாராவது பாருங்களேன்.' பக்கம் பக்கமாக இருந்தது. அந்த மூன்றாவது கேள்வியில் நாங்கள் கோட்டை விட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைசி சில வாரங்களில் வெறும் 'சரி' மட்டும்தான்.

"ஏன்டி நேர்ல சொல்லல?"

"நீங்க பாத்துட்டுதான் வேணான்னு வுட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மணி நாலே முக்கால். படிவத்தைத் திறந்து நாலை அழித்து ஒன்பது போட்டு அவளிடம் காட்டினேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

என் வாய் சும்மா இருக்குமா? "நீ எனக்கு எவ்ளோ போட்ட?" என்று கேட்டுவிட்டேன்.

"அஞ்சு," என்றாள். "அதுக்கு மேல போட மனசு வரல. கீழ போட்டா நீ ஃபெயிலாயிடுவியே."