கோபத்துக்குத் திறக்கும் தாழ்ப்பாள்

தையல்காரியின் பணம் அவளுக்குக் கோபம் வந்தால் மட்டுமே போனைவிட்டு வெளியே வரும். வங்கி ஆப்பில் அவள் முகத்தைப் பதிந்துகொண்டிருந்தபோது, "போனையே நேராப் பிடிக்கத் தெரியல, நீயெல்லாம் கத்தரிக்கோல் பிடிக்கிற" என்று கணவன் வாயைவிட்டான். அந்த நொடியில் போன் பிடித்துக்கொண்ட முகமே ஆயுசுக்கும் நிலைத்தது: மூக்கு விடைத்து, ஒற்றைப் புருவம் ஏறிய முகம். அதைக் காட்டினால் போனுக்குள் யாரோ தாழ்ப்பாளை விலக்குவார்கள், உள்ளிருந்து குளிர்காற்று வீசி மேசை மேலிருக்கும் நூல் துண்டுகள் பறக்கும், பணம் போய்ச் சேரும். சிரித்த முகத்தைக் காட்டினால் இரண்டாவது தாழ்ப்பாளும் விழும். நடிப்புக் கோபம் செல்லாது. முகத்தை மாற்றவும் அதே முகம்தான் வேண்டும். அந்தக் கோபத்தோடு பதிந்தால் பதிவதும் அதேதான். வங்கிக்காரர் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானேம்மா வேலை செய்யுது" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"அப்பவே சொன்னேன் அண்ணி, போனை நம்பாதீங்கன்னு" என்றாள் நாத்தனார். அவள் பணம் அரிசி டப்பாவில் இருந்தது. அது எந்த முகத்துக்கும் திறக்கும். அவள் அண்ணனே இரண்டு முறை திறந்திருக்கிறான்.

சுவருக்கு வண்ணம் பூசும் அந்த அண்ணன்தான் சில வருஷம் மனைவியைத் திட்டி மின்கட்டணம் கட்டவைத்தான். போகப்போக வசவெல்லாம் பழசாகிப்போனது. அந்த நேரம் பார்த்துத்தான் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய மூலைக் கடை காலியானது. கடை வைத்தால் அங்கேதான் என்று அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கண் வைத்திருந்த இடம். சாயங்காலத்துக்குள் முன்பணம் வராவிட்டால் செருப்புக் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் உரிமையாளர். கணவன் தொண்டை வற்றத் திட்டினான். கடை கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. "அழகாத்தான் திட்டுறீங்க" என்றாள். உள்ளே தாழ்ப்பாள்கள் விழுந்துகொண்டே இருந்தன.

பொழுது சாயும்போது போன் அடித்தது. ஊரிலேயே சிறந்த தையல்காரி என்று அவளுக்குப் பரிசு விழுந்திருக்கிறதாம், பதிவுக்கட்டணம் மட்டும் அனுப்பினால் போதுமாம். ஏமாற்றுக்காரன்தான், ஆனால் குரலில் தேன் ஒழுகியது. அவள் பூரித்துப்போய் போனுக்கு முகத்தைக் காட்டினாள். திறக்கவில்லை.

"கோபம் வந்தாத்தான் திறக்கும் தம்பி."

"அப்போ கோபப்படுங்கக்கா."

"பரிசு குடுக்கிற புள்ளைமேல எப்படிப்பா கோபம் வரும்?"

அரைமணி நேரம் கெஞ்சியவன் கடைசியில் வெடித்தான். "நீயெல்லாம் ஒரு தையல்காரியா? உனக்கு ஒரு பட்டன் ஒழுங்கா வைக்கத் தெரியுமா?"

புருவம் ஏறியது. தாழ்ப்பாள்கள் அத்தனையும் விலகின, அடித்த காற்றில் அளவு எழுதிய காகிதங்கள் கூரைக்குப் பறந்தன. அவன் லைனில் இருக்கும்போதே அவள் மூலைக் கடைக்கு முன்பணத்தை அனுப்பினாள்.

அன்றிலிருந்து மாதம் பிறந்தால் அவளே அவனை அழைப்பாள். குரலைக் கேட்டதுமே அவன் அவள் தையலைக் கிழிகிழியென்று கிழிப்பான், கடை வாடகை போய்ச் சேரும். கணவன் நிம்மதியாகச் சுவருக்கு வண்ணம் பூசினான்.

ஒரே ஒரு மாதம், என்ன நினைத்தானோ, "நல்லாயிருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டான். அந்த மாதம் வாடகை பிந்தியது.