பனைவெல்லப் பாகு

சாந்தனு நயினார் அன்று சண்டை போடத்தான் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் முந்தாநாள் அவர் மனைவி ஜினமதியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை நோய்க்காரி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும்போது குத்திய முள் ஆறாமல் புரையோடி, கடைசியில் காலையே கேட்டுவிட்டது. யார் தலையிலாவது பழியைப் போடாவிட்டால் மனுஷனுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. திண்டிவனத்து ஆயுர்வேத டாக்டர் பானுப்ரியாதான் அகப்பட்டார்.

இத்தனைக்கும் அந்தம்மா கெட்ட டாக்டர் இல்லை. முதல் தடவை போனபோது நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசில் என்ன கவலை என்றெல்லாம் ஜினமதியிடம் விசாரித்தார்.

"இது ஒரே நாள்ல வந்த நோய் இல்லம்மா, ஒரே நாள்ல போகவும் போகாது. சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாம் சேர்ந்துதான் மருந்து. இங்கிலீஷ் மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க."

ஜினமதி செருப்பு மாட்ட வெளியே போனாள். மருந்து வாங்க சாந்தனு நின்றார். நெல்லியும் மஞ்சளும் கலந்த சூரணத்தைக் கொடுத்து, "சொட்டுத் தேன்ல குழைச்சுக் குடுங்க" என்றார் டாக்டர்.

தேனாம் தேன்! மேல்சித்தாமூர் சமண வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, தேன் வாசற்படி ஏறாது. எத்தனையோ உயிரைக் கொன்ற பாவம் அந்தச் சொட்டில் இருக்கிறது என்று வளர்ந்தவர்கள். 'நாங்க தேன் தொட மாட்டோங்க' என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வந்ததா? படித்த அம்மா பட்டிக்காடு என்று நினைத்துக்கொள்வாரோ என்று வெட்கம். மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தார். சரி, பெண்டாட்டியிடமாவது சொன்னாரா? அதுவும் இல்லை. நோயின் பயத்தில் அவள் சரியென்று சொல்லிவிட்டால், பிறந்ததிலிருந்து காத்த நோன்பு போய்விடுமே என்று பயம்.

"பனைவெல்லப் பாகுல குழைச்சுக் குடுக்கச் சொன்னாங்க" என்றார்.

"சக்கரக்காரிக்கு வெல்லமாங்க?"

"பனைவெல்லம் ஒண்ணும் பண்ணாதுன்னு ஊரே சொல்லுது. டாக்டருக்குத் தெரியாதா?"

அவள் நம்பினாள். தினமும் காலையில் ஒரு தடவை, பொழுது சாயும் முன் ஒரு தடவை, அவரே பாகு காய்ச்சி அவள் உள்ளங்கையில் குழைத்துக் கொடுத்தார். சூரணம் கசக்குமே என்று பாகைத் தாராளமாகவே ஊற்றினார். "வியாதி வந்தப்புறம் எனக்கு இனிப்பக் கண்ணுல காட்டுற ஒரே ஆளு நீங்கதான்" என்று சிரித்துக்கொண்டே நக்குவாள். திரும்ப வந்து காட்டச் சொன்ன சமயத்தில் மல்லாட்டை அறுவடை. போகவில்லை. அந்த அறுவடையில்தான் முள் குத்தியது.

"ஒங்க மருந்த தின்னுதான் எம் பொண்டாட்டி காலு போச்சி" என்று டாக்டர் முன்னால் போய் நின்றார் சாந்தனு.

பானுப்ரியா பதறிப்போய் அவரை உட்காரவைத்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். மாத்திரை நிறுத்தவில்லை. சூரணமும் தவறவில்லை.

"எதுல குழைச்சுக் குடுத்தீங்க?"

"பனைவெல்லப் பாகுலங்க. நாங்க தேன் தொட மாட்டோம்."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஐயா, இந்த நோய் வர்றதுக்கான காரணங்கள்லயே வெல்லத்தையும் சேர்த்துத்தான் எங்க சாஸ்திரம் சொல்லுது. பனைவெல்லமும் சர்க்கரையை ஏத்தும். அது மட்டுந்தான் காலை எடுத்ததுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா புண்ணை ஆற விட்டிருக்காது. தேன் வேணாம்னா வெந்நீரே போதுமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா."

வெந்நீரே போதுமாம். திரும்பும் பஸ்ஸில் அந்த மனுஷன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

விழுப்புரத்தில் ஜினமதி ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "பொழுது சாயப் போவுது. மருந்தக் குடுங்க" என்று உள்ளங்கையை நீட்டினாள். ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டுக்கொண்டு வெந்நீரில் கரைத்துக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தாள்.

"என்னங்க, இன்னிக்கி இனிப்பே காணோம்?"

சொல்லிவிட்டார். தேன், வெட்கம், பொய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்தாள்.

"தேன் வேணாம்னுதான் நானும் சொல்லியிருப்பேன். என் நோம்ப எனக்குக் காத்துக்கத் தெரியாதாங்க? என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அந்தம்மாகிட்ட நான் வெக்கப்படாம சொல்லியிருப்பேன்."

மிச்ச மருந்தை அவளே எடுத்துக் கசக்கக் கசக்கக் குடித்து முடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "பாதம் எரியுதுங்க. செத்த தடவி விடுங்க" என்றாள்.

எந்தப் பாதம் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.