பதினோராவது எபிசோடில் திருந்தும் அப்பாக்கள்

என் அக்கா துர்கா ஒரு ஜப்பானிய அனிமே தொடர் பார்த்து அழுதாள். அந்த அழுகை செல்லாது என்று நான் அறிவித்தேன். எங்கள் வீட்டில் நடந்ததை அதிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் ஆரணியில் பி.காம் இரண்டாம் ஆண்டு. பெயர் சந்தோஷ். படிப்பு போக மிச்ச நேரத்தில், அதாவது பெரும்பாலான நேரத்தில், இன்ஸ்டாவில் 'கண்ணீர் தணிக்கைக் குழு' என்று ஒரு பக்கம் நடத்துகிறேன். குழு என்பது நான் மட்டும். நானூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்கிறார்கள், அதில் மூவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள். அனிமேவில் அழ வைக்கிற காட்சி வந்தால், அதற்கு முந்தைய எபிசோடுகளில் உழைத்திருக்கிறார்களா, இல்லை கடைசி நிமிடத்தில் பியானோவைத் தட்டி ஏமாற்றுகிறார்களா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது குழுவின் பணி.

'பனிக்கரை நிலையம்' என்ற தொடர் அப்போதுதான் முடிந்திருந்தது. பன்னிரண்டு எபிசோடு. இவாசே என்று ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். தனக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்ட மகளை முதல் எபிசோடிலேயே வீட்டை விட்டுத் துரத்துகிறார். அடுத்த ஒன்பதிலும் அவள் எழுதும் கடிதங்களைப் பிரிக்காமல் அடுப்பில் போடுகிறார். பதினொன்றில் திடீரென்று 'வீட்டுக்கு வா' என்று தந்தி கொடுத்துவிட்டுப் பனியில் பிளாட்பாரத்தில் நிற்கிறார். ரயில் வருகிறது. பியானோ வருகிறது. உலகமே அழுதது.

நான் எழுதினேன்: 'சான்றிதழ் மறுக்கப்படுகிறது. பத்து எபிசோடு இரும்புக் கதவாக இருந்தவர் பதினொன்றில் திறக்க வேண்டுமானால், நடுவில் எங்காவது ஒரு கீலாவது கிறீச்சிட்டிருக்க வேண்டும். திருந்துகிறவன் எதையாவது இழந்துதான் திருந்துவான். இவர் என்ன இழந்தார்? ஒரு தந்திக் காசு.'

ஐந்து நிமிடத்தில் துர்காவிடமிருந்து மெசேஜ் வந்தது: 'உனுக்கு மனசுன்னு ஒன்னு இருக்குதாடா?'

அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் அவள் வேலூரில் பிரபாகரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வேறு ஜாதி. செய்தி வந்த அன்று அப்பா கத்தவில்லை. தறியிலிருந்து எழுந்து, குழாயடிக்குப் போய், ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு வந்து மறுபடி தறியில் உட்கார்ந்தார். இறந்தவர்களுக்குச் செய்வது அது. அதற்கப்புறம் வீட்டில் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை. நான் மட்டும் காலேஜ் கேன்டீனுக்குப் பின்னால் நின்று அவளுடன் பேசுவேன்.

நான் அந்த விமரிசனம் எழுதி இரண்டு வாரம் கழித்து, எங்கள் அப்பாவுக்குப் பதினோராவது எபிசோடு வந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "கீதா, துர்காவுக்கு இன்னா கலர் புடிக்கும்?" என்றார்.

அம்மா ரசத்தை என் தட்டுக்கு வெளியே ஊற்றினாள்.

"அரக்கு," என்றாள்.

"போன் போடுறா," என்றார் என்னிடம்.

"எங்கிட்ட நம்பர் இல்லப்பா."

"இருக்குதுன்னு தெரியும்டா," என்று சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்து நான் பார்த்ததில்லை. பல்லெல்லாம் வரிசையாக, நன்றாகத்தான் இருந்தது.

ஸ்பீக்கரில் போட்டேன்.

"கண்ணு, அப்பா பேசுறம்மா... இன்னாத்துக்கு அழுவுற? அழாத. நடந்தது நடந்துபோச்சு. உனுக்குன்னு அரக்குல ஒரு புடவை தறில ஓட்டிகினு இருக்கேன். பாதிக்கு மேல ஆயிடுச்சி. வெள்ளிக்கெழம வா. உன் கையால அறுத்து எடுத்துக்கோ."

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. வீட்டுப் பெண்ணுக்கு நெய்த புடவையை, அவளே வந்துதான் தறியிலிருந்து அறுத்து எடுக்க வேண்டும். போனில் துர்கா விசும்புவது கேட்டது. இந்தப் பக்கம் அம்மா விசும்பினாள். பியானோ ஒன்றுதான் பாக்கி.

"ஒன்னு மட்டும்மா," என்றார் அப்பா. "ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வராத. நாலு பேரு பாப்பாங்க, நாலு பேச்சு பேசுவாங்க. வழியில கண்ணமங்கலத்துலயே எறங்கிடு. நானும் சித்தப்பாவும் கார்ல வந்து கூட்டிகினு வந்துடுறோம். எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லிடு."

எந்த பஸ் என்று மூன்று முறை கேட்டார்.

நான் கை கழுவ எழுந்து தறி இருந்த அறையைத் தாண்டிப் போனேன். தாண்டும்போது நின்றேன்.

எங்கள் தெருவில் எல்லாம் குழித்தறி. நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, இடுப்பளவு குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிப்பார். கார்த்திகையில் மழை பிடித்தால் குழிக்குள் ஊற்றெடுக்கும். இறைத்தால் மத்தியானத்துக்குள் மறுபடி முட்டியளவு நிற்கும். தறியில் கட்டிய பாவு நூலைச் சுருட்டி, பாலித்தீன் சுற்றி உத்தரத்தில் கட்டிவிட்டு, தண்ணீர் வடியும்வரை தெரு மொத்தமும் சீட்டாடும். அந்த வருடமும் அப்படித்தான். இருபது நாளாக எந்த வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை. எங்கள் பாவு, ஒரு முழமும் நெய்யாமல், உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குழியில் தண்ணீரும் ஒரு தவளையும் இருந்தன. புடவை எங்கும் இல்லை.

நெசவுக்காரர் பொய் சொல்ல வந்தால் அவர் வாயில் நெசவுதான் வரும். அந்தப் பொய் நனைந்து கிடக்கிறது என்பது அவருக்கே தோன்றவில்லை.

அன்றிலிருந்து சித்தப்பா நெடுஞ்செழியன் தினமும் வர ஆரம்பித்தார். மூன்று வருடமாக அண்ணன் வீட்டுப் படி ஏறாதவர். இருவரும் முன்னறையில் தலையைத் தலையோடு வைத்துப் பேசுவார்கள். நான் உள்ளே போனால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். மழை நின்று நான்கு நாளாகியிருந்தது.

"அப்பா மாறிட்டாரு பாத்தியா?" என்றாள் அம்மா. அப்பா இப்போது அவளை 'இந்தா' என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குச் சட்டைத் துணி வாங்கி வந்தார். தெருநாய்க்கு பிஸ்கட் போட்டார். நாய் மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் போனது. அந்த நாய் என் பக்கத்தைப் பின்தொடர்கிறதா என்று ஒரு கணம் யோசித்தேன்.

புதன்கிழமை கேன்டீனுக்குப் பின்னால் நின்று துர்காவைக் கூப்பிட்டேன்.

"க்கா, குழியில தண்ணி நிக்குது. புடவை இல்ல."

அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே.

"சந்தோஷத்துல எனுக்குத் தோணவே இல்லடா," என்றாள். அப்புறம், "இருந்தா இன்னா? என்னை வரவெக்க ஆசைல ஒரு பொய் சொல்லிட்டாரு. அவுருக்கு வேற எப்பிடிக் கேக்கத் தெரியும்? மன்னிச்சிடுன்னு அவரு வாயில வருமா?"

"அதான் கேக்குறேன். வராத ஆளுக்கு எப்பிடி வந்துச்சு? நடுவுல ஒன்னுமே நடக்கலயே."

"உனுக்கு எல்லாத்தயும் கண்ணு முன்னாடி காட்டணும். எட்டு மாசமா ராத்திரில அவரு தூங்குனாரா இல்லயான்னு உனுக்குத் தெரியுமா? மனுசன் மாறுறதெல்லாம் கேமரா இல்லாத எடத்துலதாண்டா."

இது நல்ல வாதம். என் பக்கத்தில் யாரும் இவ்வளவு நல்ல வாதம் வைத்ததில்லை. அப்பா எட்டு மாதமாகக் குறட்டை விட்டுத்தான் தூங்கினார் என்று நான் சொல்லவில்லை.

"சரி. மாறுனவரு பிரபாகரன் மாமா பேரை ஒரு தடவையாவது சொன்னாரா?"

நானே தொடர்ந்தேன்.

"கேட்டுப் பாரு. அவரும் வராருன்னு சொல்லிப் பாரு."

அன்று சாயங்காலமே அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா காபி குடித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, அவரும் வராரு. ரெண்டு பேரும் வரோம். அவரு பேரு ஞாபகம் இருக்குதாப்பா?"

அப்பா ஒரு வாய் காபியை நிதானமாக விழுங்கினார். "மாப்பிள்ளைய பேரு சொல்லியாம்மா கூப்புடுவாங்க? நல்லா கேட்ட போ. தாராளமா கூட்டிகினு வா."

துர்கா சிரித்துவிட்டாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் தோற்றுப்போனேன். சொல்லவே முடியாத ஒரு பெயரை இதைவிட அழகாக யாரும் சொல்லாமல் விட்டிருக்க முடியாது.

அப்பா டம்ளரை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். நான் மாடிப்படியில் இருந்தேன். அவர் போனில் சித்தப்பாவிடம் பேசுவது கேட்டது.

"ரெண்டு பேராம்... ஆமா. நல்லதாப் போச்சு... இல்ல, அப்போ அந்த கார் பத்தாது. வேன் ஒன்னு பாரு. ஜல்தியா பாரு."

வியாழக்கிழமை காலை நான் கூப்பிட்டபோது துர்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதை அப்படியே சொன்னேன்.

"ரெண்டு பேரு வந்தா பெரிய வண்டி வேணாமா? இதுல இன்னாடா இருக்குது?"

"க்கா, சித்தப்பா கார்ல எத்தினி பேரு ஒக்காரலாம்?"

"அஞ்சு பேரு."

"சித்தப்பா ஓட்டுறாரு. பக்கத்துல அப்பா. நீ. மாமா. நாலு பேரு ஆச்சு. ஏன் பத்தல?"

பின்னால் பிரபாகரன் எதையோ கேட்டார். பெட்டியின் ஜிப்பை யாரோ இழுக்கும் சத்தம் பாதியில் நின்றது.

"ஏண்டா," என்றாள் கடைசியில், சின்னக் குரலில். "நம்ம அப்பாடா."

"தெரியும்."

"நீ சும்மா மார்க் போடுறதில்லயே? இது வெளையாட்டு இல்லயே?"

"இல்லக்கா. தப்பா இருந்தா நான் காலம்பூரா உன் கால்ல விழறேன். இப்போ ஊரை விட்டுப் போங்க. எங்கன்னு எங்கிட்ட சொல்லாத. கேட்டா நான் சொல்லிடுவேன். நான் அவ்ளோ பெரிய தைரியசாலி கெடையாது."

"அம்மாவுக்கு இன்னா சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்," என்றேன், எப்படி என்று தெரியாமலே. அப்புறம் அவள் வைத்துவிட்டாள். அரை மணி கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். நம்பர் அணைக்கப்பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா நாலு மணிக்கே எழுந்து வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டாள். வடைக்கு ஊறப்போட்டாள். பாயசத்துக்கு முந்திரியை எண்ணாமல் போட்டாள். அவளிடம் சொல்லிவிடலாம் என்று நான் மூன்று முறை சமையலறைக்குப் போனேன். மூன்று முறையும் என் வாயில் வடையை வைத்து அனுப்பினாள்.

பத்தரைக்கு வெள்ளை வேன் ஒன்று தெருமுனையில் வந்து நின்றது. வீட்டு வாசலுக்கு வரவில்லை. அப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, விபூதி வைத்துக்கொண்டு, நடந்துபோய் ஏறினார். பூ வாங்கவில்லை. அம்மா பின்னாலேயே ஓடி, "பூ வாங்கிகினு போங்க," என்றாள். வேன் கிளம்பிவிட்டது.

நான் காலேஜுக்குப் போகவில்லை. உத்தரத்தில் தொங்கும் பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு ஆனது. இரண்டு ஆனது. அப்பா என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றரைக்கு வேன் திரும்பியது. இந்த முறை வாசலுக்கே வந்தது. அம்மா ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர் தளும்பி அவள் விரலில் வழிந்தது.

கதவு நகர்ந்தது. அப்பா இறங்கினார். சித்தப்பா இறங்கினார். அப்புறம் நான் பார்த்திராத இரண்டு பேர் இறங்கினார்கள். கதவு மூடிக்கொண்டது.

"பொண்ணு எங்க?" என்றாள் அம்மா, தட்டை இறக்காமல்.

"வரல. போன் எடுக்கல," என்றார் அப்பா. என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. "பசிக்குது. எல போடு. இவுங்களும் சாப்புடுவாங்க."

நான்கு இலை போட்டோம். மகளுக்கும் மருமகனுக்கும் சமைத்ததை அந்த இரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். ஒருவனுக்கு முப்பது வயதிருக்கும். நல்ல பசி. வடையை ரசத்தில் ஊறவைத்துச் சாப்பிட்டான். இன்னொருவன் இலையில் விழுந்த பருக்கையைக்கூட விடவில்லை.

"எந்த ஊருங்க?" என்றாள் அம்மா, சாம்பார் ஊற்றிக்கொண்டே.

"சேத்துப்பட்டு பக்கம்மா," என்றான் முப்பது வயதுக்காரன்.

"எங்களுக்குச் சொந்தமா?"

"இல்லிங்கம்மா."

"பொண்ணு அழைக்கத்தான் வந்தீங்களா?"

அவன் கை இலையிலேயே நின்றது. அப்பாவைப் பார்த்தான். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சித்தப்பா தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். இன்னொருவன் மட்டும் ஒன்றும் கேளாதவன்போல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அம்மா அந்த இரண்டு பேரையும் பார்த்தாள். அவர்கள் தோளை, மணிக்கட்டை, இலையில் இருந்த கையைப் பார்த்தாள். ஒரு கல்யாண வீட்டில் யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கும் பார்வை அது. அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, மூடியிருந்த வேன் கதவைப் பார்த்தாள்.

"அவருக்கு இன்னும் ரெண்டு வடை வை, கீதா," என்றார் அப்பா, அன்பாக.

அம்மா உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். வடைத் தட்டைப் பிடித்தபடி அடுப்பங்கரையில் நின்றிருந்தாள்.

"நீதான் சொன்னியா அவகிட்ட?"

தலையாட்டினேன்.

"எங்க இருக்கா?"

"தெரியாதும்மா."

"தெரிஞ்சுக்காத." தட்டை மேடைமேல் வைத்தாள். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். குரல் உதட்டைத் தாண்டி வரவில்லை. "என்னிக்காவது அவ போன் பண்ணான்னா சொல்லு. அம்மா செத்துட்டான்னு இந்த வூட்டுலருந்து சேதி வந்தாக்கூட வரக் கூடாதுன்னு சொல்லு. அது உண்மையா இருந்தாலும்."

"கீதா," என்று அப்பா வெளியிலிருந்து கூப்பிட்டார். "பாயசம்."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாயசத்தை ஒரு முறை அடிவரைக்கும் கிளறிவிட்டு, கரண்டியோடு எடுத்துக்கொண்டு போனாள்.