சென்னைக்கு எதிரே நின்ற கப்பல்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. இரண்டாயிரத்து இருபது மே மாதம், ஊரடங்கு சமயத்தில், எதிர் வீட்டு செவ்வந்தி கைக்குழந்தையோடு வந்து, "அண்ணா, கப்பலு எங்க கீதுன்னு கம்ப்யூட்டர்ல தெரியுமாமே, பாத்து சொல்றியா?" என்று கேட்டாள். அங்கிருந்துதான் இது முளைத்தது.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன். 'கடலையே பார்க்காத எங்கள் ஊர் திருப்புலிவனத்துக்கு ஒரு கப்பல்...' பொய். கப்பல் வரவில்லை. 'பெருந்தொற்றுக் காலத்தில் துறைமுகங்கள்...' இது செய்தித்தாள். மூன்றாவது: செவ்வந்தியின் கணவன் கலைச்செல்வன், வெளிநாட்டுக்காரர்கள் உல்லாசப் பயணம் போகும் கப்பலில் லாண்டரி வேலை பார்த்தான். இது இருக்கட்டும். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

(மற்ற எல்லாவற்றிலும் உண்டு. என்னையும் சேர்த்து.)

2

அவன் மார்ச் கடைசியில் ஊர் திரும்ப வேண்டியவன். பிப்ரவரியில் பிறந்த மகளை போனில்தான் பார்த்திருந்தான். பயணிகளை எங்கோ இறக்கிவிட்ட கப்பல், வேலையாட்களை இறக்க இடமில்லாமல் சுற்றியது. "தாய்லாந்துல, புக்கெட்ல எறங்கிடுவேன்" என்றான். மூடிவிட்டார்கள். பிறகு பினாங்கு என்றான். அதுவும் மூடல். அப்புறம் கொழும்பு, கரை தெரியும் தூரத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டுத் திரும்பியதாம். ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டினானாம், பிரித்தானாம்.

செவ்வந்தியின் அண்ணன் ராஜாராம் இதை நம்பவில்லை. "நாளுக்கு ஒரு ஊர் மாத்தி சொல்றான். கப்பலா அது, ஷேர் ஆட்டோவா? எங்கியோ எறங்கி வேற குடித்தனம் பண்ணிக்கினு கீறான்."

அவள் அண்ணனைத் திட்டினாள். ஆனால் அன்றிலிருந்து, கணவன் சொல்லும் ஊர்களைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் தேதியோடு எழுதிவைக்க ஆரம்பித்தாள்.

3

என்னிடம் வந்த அன்று அவளை உறுத்தியது ஊர் இல்லை, போன். எப்போதும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுபவன் அன்று காலை தன் ஊர் நம்பரிலிருந்து சாதாரண போன் காலாகவே கூப்பிட்டிருந்தான். குரல் பக்கத்துத் தெருவில் நின்று பேசுவது போலக் கேட்டதாம்.

"எங்கய்யா கீற?"

"சிங்கப்பூர் தாண்டி... நடுக்கடல்ல."

"நடுக்கடல்ல இன்னா டவரு?"

அவன் வைத்துவிட்டான்.

கப்பலின் பெயரைத் தட்டினேன். வரைபடத்தில் அது சென்னைத் துறைமுகத்துக்கு நேர் எதிரே நின்றது. எங்கள் ஊரிலிருந்து சுமார் தொண்ணூறு கிலோமீட்டர்.

இங்கே 'அவள் கண்கள் குளமாயின' என்று எழுதி அடித்தேன். அவள் அழவில்லை. குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "பழசா இருக்கும்ணா, இன்னொரு வாட்டி பாரு" என்றாள். நான்கு வாட்டி பார்த்தேன்.

4

மூன்று வாரம் கழித்து வந்தவாசிக்காரர் பச்சமுத்து பைக்கில் வந்தார். அதே கப்பலில் சமையல்காரர். கலைச்செல்வன் கொடுத்தனுப்பிய பையைத் தெருவில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். உள்ளே குழந்தைச் சட்டைகள்.

"நீங்க எங்க எறங்குனீங்க?" என்று செவ்வந்தி கேட்டாள்.

"சென்னையிலதாம்மா. பதினாலு நாள் அங்கியே அடைச்சி வெச்சி அனுப்புனாங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் எறங்கலாம்னாங்க. இவன்தான் மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டான். ஏன்டான்னேன். ஊர்ல சரியில்லன்னான்."

அவள் அந்தப் பையைத் தொடவில்லை. ராஜாராம் சொன்னதுதான் சரி என்று தெரு தீர்ப்பு எழுதியது. நவம்பரில் கலைச்செல்வன் வந்தபோது கதவைத் திறந்தாள், சோறு போட்டாள், எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தை அவனைப் பார்த்து வீறிட்டு அழுதபோது சமாதானப்படுத்தவும் இல்லை.

இப்போது பேசிக்கொள்கிறார்கள். அவன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான். ஏன் இறங்கவில்லை என்று அவள் கேட்டால், "பயம்" என்கிறான்.

5

வேறொரு பெண் இருந்தாள் என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அவளுக்கு ஒரு பெயர்கூட அமையவில்லை. குழந்தைக்கு நோயைக் கொண்டுவந்துவிடுவோம் என்று பயந்தான் என்றும் எழுதினேன். அழகான காரணம். அழகான காரணங்களை நான் நம்புவதில்லை.

மூன்றாவது, நடந்தது. செவ்வந்தி என்னிடம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நான் அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "கலை, தெருவே பயந்துக்கினு கீது. நீ வந்தா உங்க வூட்டத் தகரம் அடிச்சி மூடிடுவாங்க. கொயந்தைக்குப் பால் வாங்கிக் குடுக்கக்கூட ஆள் வராது. கொஞ்ச நாள் கழிச்சி வா."*

அவன் கேட்டுவிட்டான் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

* தெரு என்னை அனுப்பச் சொல்லவில்லை. என் வீட்டில் சர்க்கரை நோயோடு அம்மா இருந்தார். பயந்தது நான். இதை இதுவரை யாரிடமும், குறிப்பாக எதிர் வீட்டில்,

6

நேற்று செவ்வந்தி வந்தாள்.

"எங்க கதையத்தான எழுதிக்கினு கீற?"

"ஆமா."

"அவரு ஏன் எறங்கலன்னு உனுக்குத் தெரிஞ்சா அதையும் எழுதுணா. ஞாயித்துக்கெயம வந்து படிக்கிறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் மெசேஜைப் பற்றி அவன் சொல்லியிருப்பானோ? சொல்லியிருந்தால் எப்போது?

இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று நான்காம் பகுதியோடு முடிகிறது. படிப்பவர்கள் அவனைச் சந்தேகிப்பார்கள். மற்றது உங்கள் கையில் இருப்பது. இன்று சனிக்கிழமை. எதை அவளிடம் கொடுக்கட்டும், சொல்லுங்கள்.